நாற்பதாம் ஆண்டு விருதும் ஒரு சிவப்புக் கீற்றும்

ஜெயகரன் கோட்டு தைக்கக் கொடுத்தது மே மாதத்தில். அதுவும் வேலூர் மே மாதம். சத்துவாச்சாரியில் காக்கைகூட நிழலை விட்டு நகர யோசிக்கிற, மொட்டைமாடித் தொட்டியில் முட்டையைப் போட்டால் அடுத்த பத்தாவது நிமிடம் உப்பு, மிளகுத்தூளோடு உட்கார்ந்துவிடலாம் என்கிற மே மாதம். அந்த வெயிலில் லாங் பஜார் தையற்கடைக்குள் நுழைந்து, கம்பளித் துணியைத் தோளில் போர்த்திக்கொண்டு அளவு கொடுத்தவர், அந்தக் கடை திறந்த நாளிலிருந்து அவர் ஒருவர்தான்.

"வீட்ல கல்யாணமா சார்?" என்று தையற்காரர் கேட்டார்.

"விருது."

"வந்துடுச்சா சார்?"

"வரும்," என்றார் ஜெயகரன். "உள்பாக்கெட் ஒண்ணு வைங்க. ஏற்புரை எழுதி வச்சிருக்கேன், மடிச்சு வெக்கணும்."

விஷயம் இதுதான். பாலாறு பல்கலைக்கழகத்தின் தோல் தொழில்நுட்பத் துறை, படிப்பு முடித்து நாற்பது வருடம் நிறைந்த பேட்ச்சிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்து, 'சிறப்புமிகு முன்னாள் மாணவர்' என்று கேடயம் கொடுத்து, சால்வை போர்த்தி, அவர் படத்தைத் துறை வராந்தாவில் மாட்டும். ஒரு பேட்ச்சுக்கு ஒருவர்தான். ஒரே ஒரு முறைதான். இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் அடுத்த பேட்ச்சின் முறை. அப்புறம் குட்டிக்கரணம் போட்டாலும் வராந்தாவில் ஆணி அடிக்க மாட்டார்கள். எண்பத்தைந்தாம் வருடத்து பேட்ச்சுக்கு இதுதான் அந்த வருடம்.

ஜெயகரனுக்கு வயது அறுபத்திரண்டு. ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், முப்பத்தாறு வருடம் உழைத்து, செலக்‌ஷன் பிரிவின் தலைவராக ஓய்வு பெற்றவர். பதப்படுத்திய தோலை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, லென்ஸ் வைத்துக் குறை பார்த்து, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட், ரிஜெக்ட் என்று பிரித்துப் போடுகிற வேலை. அவர் கண்ணுக்கு முன் ஓர் ஆட்டுத்தோலை விரித்தால் போதும். இந்த ஆடு எந்த வேலியில் உரசியது, எந்த வயதில் உண்ணி கடித்தது, அறுத்தவன் வலது கையா இடது கையா என்று வரிசையாகச் சொல்லிவிடுவார். ஆட்டின் மாமியார் பெயர் ஒன்றுதான் பாக்கி.

ரிடையர் ஆன பிறகு விரித்துப் பார்க்கத் தோல் இல்லை. ஆகவே மனிதர்களை விரித்துப் பார்த்தார். தன்னை ஃபர்ஸ்ட் கிரேடில் போட்டுக்கொண்டார். மனைவி ஹெப்சியை, ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் என்பதாலும், தினமும் தனக்கு பிபி பார்ப்பவள் என்பதாலும், ஃபர்ஸ்ட் கிரேடில் சேர்த்தார். தபரேஸை தேர்டில் போட்டார். அதுவும் பாலீஷ் நன்றாக ஏறியிருந்ததால்தான். இல்லாவிட்டால் ரிஜெக்ட்.

இந்தத் தபரேஸ் யார் என்றால், நான்கு வருடமும் ஜெயகரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஜெயகரனின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து, ஜெயகரன் அடித்துத் திருத்திய இடத்தில் தானும் அடித்துத் திருத்திப் பாஸ் பண்ணியவர். இன்று ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனி. எண்ணூறு பெண்கள் வேலை செய்கிறார்கள். அவருடைய காரின் நீளத்தைப் பற்றி ஜெயகரன் சொல்வார்: முன்சக்கரம் ஆம்பூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் பின்சக்கரம் பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டும். அந்தக் கார் எப்போதாவது சத்துவாச்சாரித் தெருவில் வந்து நின்றால், ஜெயகரன் தெருப்பக்க ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்த ஆரம்பிப்பார். கார் போன பிறகும் மூன்று நாள் திறக்க மாட்டார்.

இந்த ஒரு கேடயம் மட்டும் தபரேஸிடம் போய்விடக் கூடாது. கார் போகட்டும். கம்பெனி போகட்டும். வராந்தாச் சுவரில் அந்த முகம் சிரித்துக்கொண்டு தொங்கினால் ஜெயகரனால் அதன் பிறகு மூச்சு விட முடியாது.

கூடத்து ஷோகேஸில் நடு அடுக்கைக் காலி செய்தார். வேளாங்கண்ணிக்குப் போன தோழி ஹெப்சிக்குக் கொடுத்த சங்குப் பொம்மையும், கண்ணாடி வாத்துகளும் சமையலறை மேல்பரணுக்குப் போயின. டேப் வைத்து அளந்தார். பதினாலு அங்குலம்.

"இன்னாங்க இது?" என்றாள் ஹெப்சி. "ஆளு வரதுக்கு முன்னாடியே ரூம் புக் பண்ணிட்டீங்களா?"

"வர நேரத்துல ஓட முடியாது ஹெப்சி."

"அதுக்குள்ள அந்த வாத்தாவது இருந்துட்டுப் போவட்டுமே. அதும் பாவம், பேஜார்ல மேல உக்காந்துக்கினு இருக்கு."

"கூடாது. பழக்கமாயிடும்."

ஜூலையில் துறைத் தலைவர் பேராசிரியை பாரதி, பேட்ச்சின் வாட்ஸாப் குழுவில் விதிமுறை போட்டார். இருபத்திரண்டு பேர் படித்த பேட்ச்சில் தொடர்பில் இருப்பவர்கள் பதினாலு பேர். பதினாலு பேரும் கூகுள் ஃபார்மில் ஆளுக்கொரு ஓட்டு. தனக்குத் தானே போட்டுக்கொள்ள முடியாது. யாரைத் தேர்ந்தெடுக்கிறோமோ, ஏன் என்று குறைந்தது ஐந்து வரி காரணம் எழுத வேண்டும். யார் யாருக்குப் போட்டார்கள் என்பது விழா வரை பாரதியைத் தவிர யாருக்கும் தெரியாது. முடிவு விழா மேடையில்.

அவ்வளவுதான். அதுவரை பத்து வருடமாக 'குட் மார்னிங்' ரோஜாப்பூவைத் தவிர வேறொன்றும் பூக்காத அந்தக் குழுவில் அன்பு வெள்ளமாகப் பெருக்கெடுத்தது. நியூஜெர்சியில் ஷூ கம்பெனி ஒன்றில் பெரிய பதவியில் இருக்கும் ஜெர்சன், எல்லோருடைய பேரப்பிள்ளைகளின் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொண்டான். வாணியம்பாடி மஹபூப் பாஷா, எல்லோருக்கும் தனித்தனியாக ஒரு பழைய போட்டோவை அனுப்பினார். எந்தப் போட்டோவிலும் நடுவில் மஹபூப் பாஷாதான் இருந்தார். தபரேஸ் பிரியாணி அனுப்பினார். சும்மா பொட்டலம் இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து காஞ்சிபுரம் வரை எந்த ஊரில் பேட்ச்மேட் இருந்தாலும் வாசலில் தேக்ஸா என்கிற பெரிய பிரியாணி அண்டா ஒன்று இறங்கியது. தேசிய நெடுஞ்சாலையில் இருநூறு கிலோமீட்டருக்குச் சீரகச் சம்பா மணந்தது, லாரிக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டி மோப்பம் பிடித்தார்கள் என்று கேள்வி.

ஜெயகரன் வீட்டுக்கும் வந்தது. மூன்று தட்டு சாப்பிட்டார். முழு வெறுப்போடுதான் சாப்பிட்டார். அப்படிச் சாப்பிட்டும் ருசியாக இருந்ததுதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

சாயந்திரம் போன் வந்தது.

"இன்னா தோஸ்த், பிரியாணி எப்டி?"

"நல்லாத்தான் இருந்துச்சு தபரேஸ். உப்புதான் கொஞ்சம் ஜாஸ்தி."

"உனக்கு பிபி இருக்குன்னு கம்மியாத்தானே போடச் சொன்னேன்! சரி, யாருக்குப் போடப் போற?"

"இது இன்னா கேள்வி? உனக்குத்தான்டா. நீ?"

"அரே, உன்ன உட்டா எனக்கு யார்றா இருக்கான்? உனக்குத்தான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அளவுக்கு அதிகமாகவே நீண்டது சிரிப்பு. முதலில் நிறுத்துகிறவன் பொய் சொன்னவன் ஆகிவிடுவானோ என்று இரண்டு பேருமே நிறுத்தவில்லை. கடைசியில் ஹெப்சி வந்து சார்ஜர் பின்னை மாட்டினாள்.

ஜெயகரனிடம் அனுப்புவதற்கு பிரியாணி இல்லை. ஆகவே உடம்பை விசாரித்தார். பதின்மூன்று பேருக்கும் வரிசையாகப் போன் போட்டு முழங்கால், சர்க்கரை, கண்புரை எல்லாவற்றையும் கேட்டார். மதியழகனுடைய மூன்று மாதச் சர்க்கரை அளவு, மதியழகன் மனைவிக்குத் தெரிவதற்கு முன் ஜெயகரனுக்குத் தெரிந்தது. ஹெப்சி பக்கத்தில் உட்கார்ந்து, எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். ஒரு வாரத்தில் பேட்ச் முழுவதுமே முன்னைவிட ஆரோக்கியமாகிவிட்டது.

ஓட்டுப் போட வெள்ளிக்கிழமை கடைசி நாள். காலை டிபன் முடிந்ததும் ஜெயகரன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். ஹெப்சி போனைப் பிடித்துக்கொண்டாள். பதின்மூன்று பெயர்கள் வந்தன. தோல் கட்டைப் பிரிப்பது போல ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"தபரேஸ். கூடவே கூடாது. அடுத்தது?"

"ஜெர்சன்."

"அவன் ஜெயிச்சாலும் ஜெயிச்சிடுவான். அமெரிக்கான்னா எல்லாருக்குமே ஒரு இது இருக்கும். அடுத்தது?"

"மஹபூப் பாஷா."

"பேசியே ஜெயிச்சிடுவான். ஒரு ஓட்டு வித்தியாசத்துல என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கினேன்னு ஆயிடும். ஜெயிக்கவே முடியாத ஆளா ஒருத்தன் வேணும் ஹெப்சி. என் ஓட்டு எங்கயும் போய்ச் சேரக் கூடாது. பாலாத்து மணல்ல தண்ணி ஊத்தின மாதிரி உள்ள போயிடணும்."

"காசிநாதன்னு ஒருத்தர் இருக்காரு."

ஜெயகரனின் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது.

காசிநாதன்! தோல் படிப்புப் படித்துவிட்டுத் தோல் தொழிலில் மொத்தம் பதினோரு நாள் இருந்தவன். எண்பத்தைந்தில் இருவரும் ஒரே நாளில் ஆம்பூர் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஜெயகரனை, பச்சைத்தோலை ஊறவைக்கிற சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் தள்ளிவிட்டார்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், மூக்கைப் பிய்க்கும் நாற்றம், நாள் முழுக்க நின்ற நிலை. காசிநாதனை, தோலுக்கு மெருகேற்றும் ஃபினிஷிங் பிரிவில் போட்டார்கள். அங்கே அவனுக்கு ஒரு நாற்காலி. நாற்காலிக்கு நேர் மேலே ஒரு மின்விசிறி. அந்த விசிறி ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் ஜெயகரனுக்கு ஓர் எலும்பு முறிந்தது. பத்து நாள் பார்த்தார். பதினோராம் நாள் காசிநாதனைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய், முகத்தைத் துக்க வீட்டில் வைப்பது போல வைத்துக்கொண்டு, "உன் உடம்புக்கு இந்த நாத்தம் ஆவாதுடா காசி, ரயில்வே எக்ஸாம் எழுது," என்றார். விண்ணப்பத்தைத் தானே நிரப்பினார். ஸ்டாம்பும் தானே வாங்கி ஒட்டினார். தபால் பெட்டியில் கையை முழங்கை வரை விட்டு, உள்ளே விழுந்ததா என்றும் பார்த்துவிட்டு வந்தார். காசிநாதன் அன்றே வேலையை விட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்தான். தேறியும் விட்டான். ஜோலார்பேட்டை சந்திப்பிலேயே முப்பத்தைந்து வருடம் ஓடி, ஸ்டேஷன் மாஸ்டராக ரிடையர் ஆனான். நாற்காலியும் மின்விசிறியும் ஜெயகரனுக்கு வந்தன.

"காசிக்குப் போடு," என்றார் ஜெயகரன். "தோல் துறை விருது ஸ்டேஷன் மாஸ்டருக்கு எப்படிப் போவும்? ஒரு குழந்தைகூடப் போடாது."

"காரணம் அஞ்சு வரி கேக்குதுங்க."

அங்கேதான் இடித்தது. ஜெயிக்க முடியாதவன் என்பதுதான் காரணம், அதை எழுத முடியாது. கூரையைப் பார்த்தார். வாத்துகள் போன பரணைப் பார்த்தார். காசிநாதன் என்றால் நினைவுக்கு வருவது ஒன்றே ஒன்றுதான். ஃப்ளாஸ்க். பேட்ச்சில் எவன் ரயிலில் போனாலும், ஜோலார்பேட்டையில் வண்டி நிற்கிற நேரத்துக்குக் காசிநாதன் கையில் டீ ஃப்ளாஸ்க்கும் பொட்டலத்தில் வடையுமாக அந்தப் பெட்டி வாசலில் நிற்பான். எந்த நேரமானாலும் நிற்பான். அப்பா இறந்த செய்தி கேட்டு, வேலையாகப் போயிருந்த பெங்களூரிலிருந்து ஜெயகரன் ஓடிவந்தபோதும் நின்றான். ஒன்றும் பேசவில்லை. டீயை ஊற்றிக் கொடுத்தான், வண்டி நகரும்போது கூடவே நாலடி நடந்து டம்ளரை வாங்கிக்கொண்டான்.

ஜெயகரன் சொல்லச் சொல்ல ஹெப்சி தட்டினாள். எப்படியும் வீணாகப் போகிற ஓட்டுத்தானே என்று கையைத் தாராளமாக விட்டார். ஐந்து வரி ஐம்பது வரி ஆனது. காசிநாதன் கையிலிருந்து டீ குடிக்காமல் எந்தத் தோலும் இந்த நாட்டிலிருந்து ஏற்றுமதி ஆனதில்லை என்றார். அவன் பச்சைக்கொடி காட்டினால் தண்டவாளமே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும் என்றார்.

"இவ்ளோ நல்லவருன்னா, அவருக்கே குடுத்துடலாமே," என்றாள் ஹெப்சி.

"அதெல்லாம் வராது. நீ அனுப்பு."

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பாரதியே போன் செய்தார்.

"ஜெயகரன் சார், ரிசல்ட்டை இப்ப சொல்லக் கூடாது. ஆனா நீங்க கண்டிப்பா வரணும். முன்வரிசையில உங்களுக்கு சீட் போட்டிருக்கோம். மேடைக்கு வர வேண்டியிருக்கும்."

"மேடைக்கா மேடம்?"

"ஆமா சார். மைக்ல பேசணும். கொஞ்சம் தயாரா வாங்க."

ஜெயகரன் போனை வைத்தார். எழுந்து நின்றார். உட்கார்ந்தார். ஷோகேஸைத் திறந்து நடு அடுக்கை வேட்டி நுனியால் மறுபடி துடைத்தார். அன்று மாலைக்குள் சத்துவாச்சாரியில் அவர் சொல்லாத வீடு இல்லை. இஸ்திரிக்காரருக்குச் சொன்னார், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவருக்குச் சொன்னார், சர்ச்சில் பாஸ்டரிடம் சொல்லி ஸ்தோத்திரத்தில் சேர்க்கச் சொன்னார். பாஸ்டர் முடிவு வரட்டும் என்றபோது, "ஆண்டவருக்கு முன்கூட்டியே தெரியும்தானே?" என்று மடக்கினார். தபரேஸுக்கு மட்டும் சொல்லவில்லை. அந்த முகத்தை நேரில் பார்க்கிற பாக்கியத்தை வீணாக்க அவருக்கு மனமில்லை.

ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை, காலை பத்தரை மணி. பல்கலைக்கழக அரங்கத்தில் ஏசி பாதி வேலை செய்தது. அந்தப் பாதி ஜெயகரன் உட்கார்ந்த பக்கம் இல்லை. கோட்டுக்குள் அவர் வெந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால், தபரேஸ் ஷெர்வானியில் வந்திருந்தார். ஜெர்சன் நியூஜெர்சியிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்திருந்தான். மஹபூப் பாஷா தலைக்குச் சாயம் போட்டு வந்திருந்தார். இன்னும் காயாத சாயம். பதின்மூன்று பேரும் மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தார்கள். எல்லோருடைய மேல்பாக்கெட்டிலும் மடித்த காகிதம் ஒன்று எட்டிப் பார்த்தது.

காசிநாதன் மட்டும் அரைக்கைச் சட்டையில், கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்திருந்தான். ஒன்றே முக்காலுக்குக் காட்பாடியில் அவனுக்கு ரயில். மடியில் ஃப்ளாஸ்க்.

பாரதி மைக்கைத் தட்டினார். "ஓட்டு விவரத்தைத் திரையில போடுறோம்."

திரையில் ஒரு வட்டம் விரிந்தது. முழுவதும் நீலம். பாயசத்துக்கு நடுவே குங்குமப்பூ போல, ஒரே ஓர் இடத்தில் மெல்லிய சிவப்புக் கீற்று.

"பதினாலு ஓட்டு பதிவாகியிருக்கு. இதுல பதின்மூணு ஓட்டு வாங்கி, இதுவரைக்கும் இந்தத் துறை பார்க்காத வித்தியாசத்துல ஜெயிச்சிருக்கிறவர்... திரு. காசிநாதன்!"

பதின்மூன்று வாய்கள் ஒரே நேரத்தில் திறந்தன. ஒரே நேரத்தில் மூடின. பிறகு பதின்மூன்று தலைகளும் மெதுவாக ஒன்றையொன்று திரும்பிப் பார்த்தன. தபரேஸ் ஜெயகரனைப் பார்த்தார். ஜெயகரன் ஜெர்சனைப் பார்த்தார். ஜெர்சன் மஹபூப் பாஷாவைப் பார்த்தான். எல்லோர் கண்ணிலும் ஒரே கேள்வி: அடப்பாவி, நீயுமா? ஒருவனும் வாயால் கேட்கவில்லை. கேட்டால் தானும் சொல்ல வேண்டுமே.

காசிநாதன், தனக்குப் பின்னால் வேறு காசிநாதன் யாராவது நிற்கிறானா என்று கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

தபரேஸ் மேல் ஜெயகரன் நாற்பது வருடமாக வளர்த்த பொறாமை எல்லாம், ஒரு நொடியில் ரயில் மாறி, ஜோலார்பேட்டைத் தடத்தில் ஏறி ஓடியது. பதினோரு நாள்! பதினோரு நாள் தோலைப் பார்த்தவனுக்கா வராந்தாவில் ஆணி? அன்றைக்கு நாற்காலி, மின்விசிறி. இன்றைக்குக் கேடயமா?

"வாக்காளர்கள் எழுதின காரணங்கள்ல மிகச் சிறந்ததை விழாவின் பாராட்டுரையா வாசிக்கிறது வழக்கம்," என்று பாரதி தொடர்ந்தார். "ஐந்து வரி கேட்டோம். ஐம்பது வரி எழுதியிருக்காரு. அதைப் படிச்சு எங்க ஆபீஸ்ல கண் கலங்காத ஆள் இல்லை. திரு. ஜெயகரன் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்."

கால்கள் தாமாகவே நடந்தன. பாரதி கையில் கொடுத்த காகிதத்தில் அவருடைய வார்த்தைகளே அச்சடித்து நின்றன. உள்பாக்கெட்டில் இருந்த ஏற்புரை நெஞ்சில் குத்தியது. வாசித்தார். காசிநாதன் கையிலிருந்து டீ குடிக்காமல் எந்தத் தோலும் ஏற்றுமதி ஆனதில்லை என்று தன் வாயாலேயே வாசித்தார். தண்டவாளம் நிமிர்ந்து உட்கார்ந்ததையும் வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் அரங்கம் கைதட்டியது. ஒவ்வொரு கைதட்டலும் அவர் முதுகில் விழுந்தது. அப்பாவின் சாவுக்கு வந்த அன்று டம்ளர் வாங்கிக்கொண்ட இடம் வந்தபோது மட்டும் கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது வியர்வையால் என்று பிறகு ஹெப்சியிடம் சொன்னார். கீழே பார்த்தால் ஜெர்சன் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். பதின்மூன்று பேரும் அதே ஃப்ளாஸ்க்கைத்தான் எழுதியிருந்தார்கள் என்று பாரதி சொன்னார். வேறு காரணம் யாருக்கும் கிடைத்திருக்கவில்லை.

காசிநாதன் மேடையேறி, சால்வையைத் துவைத்து மடிக்கப்போகிறவன் போல ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, மைக்கில் பேசினான். ரயில்வே அறிவிப்பு செய்து பழகிய குரல். ஒவ்வொரு சொல்லும் கடைசிப் பெட்டி வரை கேட்டது.

"அந்தச் செவப்பு கலர் ஓட்டு, நான் போட்டது. ஜெயகரனுக்குப் போட்டேன். ஏன்னா, பதினோராம் நாள் என்னைக் கேன்டீனுக்குக் கூப்ட்டுப் போயி, எனக்கு இது ஆவாதுன்னு சொன்னவன் அவன்தான். அப்ளிகேஷன் ரொப்பி, ஸ்டாம்பு ஒட்டி, தபால் பொட்டியில போட்டவன் அவன்தான். என் சோறு, என் பென்ஷன், என் குவார்ட்டர்ஸ், எல்லாம் அவன் ஒட்டின ஸ்டாம்பு. வேற இன்னா சொல்ல?"

அரங்கம் எழுந்து நின்று ஜெயகரனுக்கும் சேர்த்துக் கைதட்டியது. ஜெயகரனுக்கு வெட்கம் வந்தது. நிஜமான, காது வரை சுடுகிற வெட்கம். அது ஒரு நாலு நொடி இருந்தது. ஐந்தாவது நொடியில் அவர் கண் தற்செயலாக இரண்டாவது வரிசைக்குப் போனது. அங்கே தபரேஸ் நின்றிருந்தார். கை தட்டுவது போலக் கைகளை வைத்திருந்தார், ஆனால் இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொடவில்லை.

சாப்பாட்டு வரிசையில் தபரேஸ் பக்கத்தில் வந்து நின்றார்.

"உனக்கு ஒண்ணாவது உழுந்துச்சு," என்றார் மெதுவாக.

"ஆமா. ஒண்ணு உழுந்துச்சு."

"எத்தினி தேக்ஸா அனுப்பினேன் தெரியுமா ஜெயா?"

"உப்பு ஜாஸ்தின்னு அன்னிக்கே சொன்னேன் இல்ல?"

"எனக்குத்தான் போடுவேன்னு சொன்னியேடா!"

"நீகூட எனக்குன்னுதானே சொன்னே?"

இருவரும் குருமாவைப் பார்த்துக்கொண்டு வரிசையில் நகர்ந்தார்கள்.

கை கழுவும் குழாயடியில் காசிநாதன் ஃப்ளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தான். வேறு யாரும் இல்லை. ஜெயகரன் பக்கத்துக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு தயங்கினார்.

"காசி. அந்தக் கேன்டீன் விஷயம்... நான் வந்து அன்னிக்கு..."

"நாற்காலிக்காகத்தானே ரொப்பினே?" என்றான் காசிநாதன், நிமிராமல். "அன்னிக்கே தெரியும்டா. நீ என்னைப் பாக்கவே இல்ல. மேல ஃபேனைத்தான் பாத்துக்கினு இருந்தே."

ஜெயகரன் குழாயை மூடினார். "தெரிஞ்சுமா எனக்கு ஓட்டு போட்ட?"

காசிநாதன், வண்டி வருகிறதா என்று பார்க்கிறவன் போல இரண்டு பக்கமும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"தபரேஸுக்குப் போட்டா ஜெயிச்சிடுவான். ஜெர்சனுக்குப் போட்டா ஜெயிச்சிடுவான். பாஷாவும் டேஞ்சர். எனக்கும் ஆசை இருக்காதா? நான் தோல்ல இல்லன்னா இன்னா, பேட்ச்லதானே இருந்தேன்? உட்டுக் குடுக்க மனசு வரல. லிஸ்ட்டைப் பாத்தேன். உனக்குப் போட்டா மட்டும்தான் எந்த ஆபத்தும் இல்லன்னு தோணுச்சு."

ஜெயகரன் அவனை உற்றுப் பார்த்தார். நாற்பது வருடமாக அந்த முகத்தில் அவருக்கு ஒரு குறையும் அகப்பட்டதில்லை. ஒரு கீறல், ஒரு தழும்பு, ஒன்றும் இல்லை. அவர் தொழிலில் அப்படி ஒன்று வந்தால் ரெக்ஸின், போலித்தோல் என்று ஒதுக்கிவிடுவார்கள். இன்று, தாடைக்குக் கீழே, தெளிவாக, ஓர் உண்ணிக்கடி. அப்பாடா, அசல் தோல்தான்.

"டேய், என்னைப் போயி ஜெயிக்க முடியாத ஆளுன்னு..."

"நீ என்னைப் பத்தி இன்னா நெனச்சு அம்பது வரி எழுதின?"

ஜெயகரன் சிரிக்க ஆரம்பித்தார். காசிநாதனும் சிரித்தான். ஃப்ளாஸ்க் மூடி தொட்டிக்குள் விழுந்து உருண்டது. ஒன்றே முக்கால் ரயிலே போய்விட்டது, அப்படிச் சிரித்தார்கள்.

"இதைத் தபரேஸ்கிட்ட சொல்லிடாத," என்றார் ஜெயகரன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நான் ஏன் சொல்றேன்? அவன் நம்பிக்கினு இருக்கட்டும். உன் மேல எனக்கு நன்றி ஜாஸ்தின்னு."

கிளம்புகிற நேரத்தில் ஜெயகரன் பாரதியிடம் போய் ஓர் உதவி கேட்டார். பாரதி ஒரு மாதிரியாகப் பார்த்தாலும், ஆபீசில் சொல்லி அந்த வட்டத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து, தன் மகளின் நிக்காஹ் பத்திரிகையோடு தபரேஸ் சத்துவாச்சாரிக்கு வந்தார். கார் பின்பகுதி இன்னும் முக்கு திரும்பாமல் இருக்கும்போதே அவர் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார். ஹெப்சி டீயும் பிஸ்கட்டும் கொடுத்தாள். முதல் மடக்குக் குடித்துவிட்டு நிமிர்ந்தவர் கண்ணில், ஷோகேஸின் நடு அடுக்கு பட்டது. பதினாலு அங்குலத்துக்குச் சரியாக, தங்க நிற ஃபிரேம். உள்ளே ஒரு நீல வட்டம். சின்னதாக ஒரு பல்பும் போட்டிருந்தது.

டீ பாதி வழியில் நின்றது.

"இன்னா ஜெயா அது?"

"அதுவா? யுனிவர்சிட்டி குடுத்தது."

"நீலம் காசி."

"ஆமா."

"அந்தச் செவப்பு..."

"நான்தான்," என்றார் ஜெயகரன் அடக்கமாக. "செகண்ட் பிளேஸ்."

தபரேஸ் கழுத்தை நீட்டிப் பார்த்தார். டம்ளரை வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நான் எங்கடா இதுல?"

"அதான் நானும் பத்து நாளா தேடுறேன்." ஜெயகரன் மேசை இழுப்பறையைத் திறந்து, முப்பத்தாறு வருடம் ஆட்டுத்தோல்களில் உண்ணிக்கடி தேடிய தன் லென்ஸை எடுத்து, ஜிப்பா நுனியால் துடைத்து, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார். "இந்தா தோஸ்த். இதை வச்சுப் பாரு."

தபரேஸ் அன்று பிஸ்கட்டைத் தொடவே இல்லை. கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. அது தெருவைத் தாண்டி முடிக்கிற வரை ஜெயகரன் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு போனை எடுத்தார்.

"காசி, பாத்துட்டான்டா!"

"டேய்! மூஞ்சி எப்டி இருந்துச்சு?"

"போன்ல சொன்னா பத்தாது," என்றார் ஜெயகரன், நாற்காலியை மின்விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு. "ஃப்ளாஸ்க்ல டீ எடுத்துக்கினு அடுத்த வண்டியில கிளம்பி வா, சொல்றேன்."